காட்டுப் பயணத்தை நூல் வழியே கற்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகில் பையைச் சுமந்து நடந்து, காட்டில் கூடாரம் அடித்துத் தங்கும் கலையை ஒரு நல்ல நூலை வைத்துக்கொண்டே பெருமளவு கற்றுவிடலாம். ஆனால் இத்துறையின் நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்பட்டவை. அவற்றின் விதிகள் குளிர்ந்த ஊசியிலைக் காட்டிலும் பனிமலையிலும் பிறந்தவை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு, எண்ணையும் பொருளையும் நம் மலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது பல இடங்களில் காலை வாரிவிடும். எங்கெங்கே அப்படி வாரிவிடும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

நூலை வாங்கும்போதும் படிக்கும்போதும்

முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். வழி காணும் பாடம் பழசானாலும் கெடாது. முதலுதவிப் பாடம் கெடும். பாம்பு கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சச் சொல்லும் நூல் என்றால், அந்த அத்தியாயத்தை அடித்துவிட்டு வேறு நூலில் படியுங்கள்.

அடுத்தது அளவுகள். அமெரிக்க நூலில் ‘20 டிகிரி ஸ்லீப்பிங் பேக்’ (உள்ளே புகுந்து உறங்கும் பை) என்றால், அது தாங்கும் குளிரின் அளவு ஃபாரன்ஹீட்டில் இருக்கும். நம் கணக்கில் மைனஸ் 7 டிகிரி. இதை 20 டிகிரி செல்சியஸ் என்று எண்ணி, கொடைக்கானலுக்கு இது போதாது என்று இன்னும் தடித்த பையை வாங்குகிறவர்கள் உண்டு. 200 அடி என்றால் 60 மீட்டர், 1,000 அடி என்றால் 305 மீட்டர் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

அட்டை முதல் அட்டை வரை வரிசையாகப் படிக்காதீர்கள். பல நூல்களில் பொருள்கள் பற்றிய அத்தியாயம் முன்னால் வந்துவிடும். படித்த கையோடு கடைக்குப் போகத் தோன்றும். திட்டமிடுதல், நடை, வழி காணுதல், தண்ணீர், கூடாரம், சமையல், முதலுதவி என்ற வரிசை நல்லது. பொருள்கள் அத்தியாயம் கடைசியில் வரட்டும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக் இரண்டையும் பெருநகரங்களில் வாடகைக்குத் தருகிறார்கள். இரண்டு முறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தபின் வாங்கினால் பணமும் மிஞ்சும், தேவையும் புரியும்.

ஒரு அத்தியாயம் படித்தால் அந்த வாரமே அதைக் கையால் செய்து பாருங்கள். ஒரு நோட்டில் விதி ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு குறிப்புகள்: அதற்கான காரணம், நம் இடத்தில் அது எப்படி மாறும் என்பது. காரணத்தை எழுத வரவில்லையென்றால் அந்தப் பக்கம் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பையும் எடையும்

சுமை மொத்தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. இரண்டு நாள் பயணத்துக்கு அது எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள்: வெறும் பை 1.8, கூடாரத்தில் உங்கள் பங்கு 1.5, ஸ்லீப்பிங் பேக் 1.3, அதன் அடியில் விரிக்கும் மேட் 0.5, துணிகள் 1.3, மழைக்கோட்டு 0.5, அடுப்பும் பாத்திரமும் எரிபொருளும் 0.9, சாப்பாடு 1.4, தண்ணீர் 2 லிட்டருக்கு 2, முதலுதவியும் விளக்கும் சில்லறைச் சாமான்களும் 0.8. கூட்டினால் சரியாக 12 கிலோ. கூடுதலாக ஒரு ஜீன்ஸ் வைக்கக்கூட இடமில்லை. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துத் தாளில் எழுதினால்தான் இது உறைக்கும்.

பையைத் தேர்வு செய்யும்போது உங்கள் மொத்த உயரத்தைவிட முதுகின் நீளமே முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்குப் பொருந்தும் 45 முதல் 55 லிட்டர் பை தொடக்கத்துக்குப் போதும்.

மாட்டும் முறை இப்படி. எல்லா வார்களையும் தளர்த்துங்கள். பையைத் தூக்கி, இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி வைத்து முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள் வார்களைப் பிடித்துக் கீழ்ப் பின்னாக இழுங்கள். தோளை அவை தழுவினால் போதும், அழுத்தக் கூடாது. தோளுக்கு மேலே பையின் உச்சியோடு இணையும் சிறு வார்களை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிற்கும்படி இழுங்கள். கடைசியாக மார்புப் பட்டை. சுமையின் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். தோள் வலித்தால் இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து மாட்டுங்கள். பைக்குள் ஸ்லீப்பிங் பேக் அடியில், சாப்பாடும் தண்ணீரும் முதுகை ஒட்டி நடுவில், மழைக்கோட்டு மேலே. கனமானவை முதுகைவிட்டு வெளியே தள்ளியிருந்தால் பை பின்னால் இழுக்கும். நாள் முழுக்கக் குனிந்தே நடக்க நேரும். பைக்குப் போடும் மழை உறை நம் பருவமழைக்கு ஈடுகொடுக்காது, முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். உள்ளே ஒரு கனத்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள்.

பயிற்சிக்கு மலை தேவையில்லை. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி மாடிப்படி ஏறுங்கள். 5 மாடி ஏறினால் சுமார் 15 மீட்டர். 20 தடவை ஏறினால் 300 மீட்டர். மேலே போனதும் தண்ணீரைத் தொட்டிகளில் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முட்டி பிழைக்கும். 5 கிலோவில் தொடங்கி வாரம் 2 கிலோ கூட்டினால் ஒரு மாதத்தில் முழுச்சுமை பழகிவிடும். ஷூவையும் இதிலேயே பழக்குங்கள். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்கினால்தான் இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடிக்காது. குதிகாலில் சூடாக உறுத்தியதுமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

வரைபடமும் காம்பஸும்

நூலை அப்படியே நம்பினால் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவில் வெளியிடும் வரைபடங்களை அதன் இணையதளத்தில் பெறலாம். இந்த அளவில் படத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளுக்கு இடையே பெரும்பாலும் 20 மீட்டர் உயர வேறுபாடு. இமயமலைத் தாள்களில் இது மாறலாம், தாளின் ஓரக் குறிப்பைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் 10 கோடுகள் நெருங்கியிருந்தால், 500 மீட்டர் தூரத்தில் 200 மீட்டர் ஏற்றம். சுமையோடு அது மூச்சு வாங்கும் சரிவு. கோடுகளின் முனை மலையுச்சியை நோக்கி மடங்கினால் அது ஓடைப் பள்ளம். கீழ்நோக்கி மடங்கினால் மலைமுகடு. இந்த ஒன்றை மட்டும் முதல் வாரம் பழகுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு குன்றின் படத்தை எடுத்து, எங்கே ஓடை, எங்கே முகடு என்று பென்சிலால் குறித்துவிட்டு, நேரில் போய்ச் சரிபாருங்கள்.

நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதியை எல்லா நூல்களும் தரும்: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 9 கி.மீ. தூரம், 750 மீட்டர் ஏற்றம் உள்ள பாதைக்கு 1 மணி 48 நிமிடமும் 1 மணி 15 நிமிடமும் சேர்ந்து சுமார் 3 மணி. இது ஓய்வே எடுக்காத, பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர் சுமையோடு போகும்போது ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை மணி வைத்துக்கொள்ளுங்கள். சோலைக்காட்டுக்குள் வேர்களும் வழுக்குப் பாறையும் இருந்தால் இரண்டு மடங்கு. நம் ஊரில் ஆண்டு முழுக்க ஆறு, ஆறரை வாக்கில் இருட்டிவிடும். ஸ்காட்லாந்துக் கோடையின் நீண்ட மாலைப் பொழுதை எண்ணி எழுதிய திட்டத்தை இங்கே பின்பற்றினால் இருட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

காம்பஸ் பயன்படுத்தும் படிகள் எல்லா நாட்டுக்கும் பொது. தட்டையான காம்பஸின் நீள விளிம்பை, நிற்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் இணைத்து வையுங்கள். வட்டத்தைத் திருப்பி, அதன் உள்ளே உள்ள கோடுகள் படத்தின் வடக்குக் கோடுகளுக்கு இணையாகும்படி செய்யுங்கள். காம்பஸைக் கையில் கிடைமட்டமாகப் பிடித்து, ஊசியின் சிவப்பு முனை வட்டத்தில் வரைந்த அம்புக்குள் அடங்கும்வரை உடம்போடு திரும்புங்கள். முகம் பார்க்கும் திசையே வழி. அத்திசையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்து அதுவரை நடந்து, மறுபடி பாருங்கள்.

இனி நம் மண்ணுக்கான மாற்றங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்த நூல்கள் பல பக்கம் செலவிடும். சியாட்டில் போன்ற இடங்களில் அது 15 பாகையளவு. திருத்தாவிட்டால் ஒரு கிலோமீட்டரில் 260 மீட்டர் விலகிவிடுவீர்கள். தமிழ்நாட்டில் வேறுபாடு 2 பாகைக்குள்தான். ஒரு கிலோமீட்டரில் 35 மீட்டர் விலகல். தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம். நமக்குத் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தொடங்கிய ராக்கெட் ஏவுதளத்துக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததும் இதனால்தான். வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சமன்செய்த ஊசி இங்கே ஒருபக்கம் சாய்ந்து உறையில் உரசும், தவறான திசையில் நின்றுவிடும். வாங்கும்போது கிடைமட்டமாகப் பிடித்துச் சுழற்றுங்கள். ஊசி மிதந்து திரும்ப வேண்டும். உலகெங்கும் பயன்படுத்தத்தக்க ஊசி என்று குறித்தவையும் கிடைக்கின்றன.

காம்பஸ் இல்லாதபோது கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் தெற்கைக் காணும் வித்தையை மறந்துவிடுங்கள். நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும் நாடுகளுக்கானது அது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் சூரியன் வடக்கே நிற்கும்; மற்ற மாதங்களிலும் வானில் உயரத்திலேயே இருப்பதால் நண்பகலை ஒட்டிப் பெரும்பிழை வரும். துருவ நட்சத்திரமும் இப்படித்தான். ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது தெரியும். நம் மாநிலத்தில் அது தொடுவானத்திலிருந்து 8 முதல் 13 பாகை. மலையோ மரமோ மறைத்துவிடும். மரத்தின் வடபுறம் பாசி படரும் என்பது ஈரமான சோலைக்காட்டில் சுற்றிலும் பாசிதான் என்பதால் எதற்கும் உதவாது.

கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே சேமித்து, விமானப் பயன்முறையில் வைத்துக்கொள்வது நல்லதே. ஆனால் ஆபத்தில் உதவி கேட்க சாட்டிலைட் கருவி வாங்கச் சொல்லும் பக்கத்தை இந்தியாவில் பின்பற்றாதீர்கள். உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போன், செய்திக் கருவி வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையத்திலேயே கைதானவர்கள் உண்டு. அதற்கு மாற்று, வீட்டில் விட்டுச்செல்லும் பயணத் தாள். பாதை, தங்குமிடம், உடன் வருபவர்கள், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்குமேல் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அவசர எண் 112. விசில் ஒன்றைத் தோள் வாரிலேயே கட்டிவையுங்கள். மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று.

கூடாரத்தை மொட்டை மாடியில் பழகுங்கள்

முதல்முறை கூடாரத்தைப் பிரிக்கும் இடம் காடாக இருக்கக் கூடாது. மொட்டை மாடியில் முளை அடிக்க முடியாது. மூலைகளைச் செங்கல்லிலோ தண்ணீர் கேனிலோ கட்டுங்கள். பகலில் மூன்று முறை, பிறகு இருட்டில் நெற்றி விளக்கோடு. பத்து நிமிடத்துக்குள் முடிக்க வந்தால் போதும். அடுத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கால்மணி நேரம் உள்ளே உட்கார்ந்து தையல்களைத் தடவிப் பாருங்கள். கசியும் தையலுக்கு சீலர் எனும் அடைப்புப் பசை பூச வேண்டும். வெளி மறைப்பு உள்கூடாரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் நனையும். கயிறுகளை இழுத்து இடைவெளி விடுங்கள். காலையில் உட்புறம் ஈரமாக இருந்தால் அதெல்லாம் கசிவல்ல. நம் மூச்சுக்காற்றின் ஈரம்தான். காற்றுப்புழையைத் திறந்து வைத்தால் குறையும்.

அடியில் விரிக்கும் தாள் கூடாரத்தின் தரையைவிட எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி உங்களுக்குக் கீழேயே தேக்கும். பயிற்சிக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனரை வெட்டிக்கொள்ளலாம்; பயணத்துக்கு அது கனம், மெல்லிய பாலித்தீன் போதும்.

முடிச்சுகளில் நூல் இருபது காட்டும். கூடாரத்துக்கு உடனே வேண்டியது ஒன்று, டாட்-லைன் ஹிட்ச். முளையைச் சுற்றிக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வளையத்துக்கு உள்ளே, முளைப் பக்கமாக, நீண்ட கயிற்றின்மேல் இரண்டு சுற்று. பிறகு வளையத்துக்கு வெளியே அதே திசையில் ஒரு சுற்று சுற்றி, முனையை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். கையால் நகர்த்தினால் நகரும், காற்று இழுத்தால் நகராது. வழுவழுப்பான நைலான் கயிற்றில் நழுவினால் உள்ளே மூன்று சுற்றாக்குங்கள். முளையின் தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

இடம் தேர்வில் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பட்ட கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். வறண்ட ஓடைப்படுகை சமமாக, மணலாக, அழைப்பது போலவே இருக்கும். மேலே எங்கோ பெய்த மழையில் காட்டாறு நிமிடங்களில் வந்துவிடும். தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி அடிக்கச் சொல்லும் விதி அமெரிக்காவில் நீரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. நம் காட்டில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இரவில் யானை, காட்டெருமை, பன்றி எல்லாம் தண்ணீருக்கு வரும் வழி அது. யானைச் சாணமோ, தேய்ந்த மரப்பட்டையோ, மிதிபட்ட அகலத் தடமோ தெரிந்தால் அங்கே தங்கவே கூடாது. உணவை மரத்தில் தொங்கவிடும் கரடிப் பாடம் யானைக்கும் குரங்குக்கும் பொருந்தாது. அரிசி, உப்பு, பழம் ஆகியவற்றின் மணத்துக்கு யானை வரும். எனவே ஊர்க்காரரோ வனத்துறையோ காட்டிய தங்குமிடத்தை விட்டு உங்கள் விருப்பத்துக்கு இடம் தேடாதீர்கள். சாப்பாட்டை இறுக மூடிய டப்பாவில், முடிந்தால் கட்டடத்துக்குள் வையுங்கள்.

உறக்கம்

குளிர் கீழிருந்துதான் ஏறும். உடம்பின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்கி, அடிப்பக்கம் பயனற்றுப் போகும். அதனால் அடியில் விரிக்கும் மேட் வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். அதன்மேல் குறித்திருக்கும் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) நம் மலைகளுக்கு 2 இருந்தால் போதும், பனித்தரைக்கு 4க்கு மேல். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்றிருப்பதை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. இறகு நிரப்பிய பைகளை நூல்கள் புகழும். நனைந்தால் அவை சுருண்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்துக்கு செயற்கைப் பஞ்சே மேல். உறங்கப் போகுமுன் ஒரு காய்ந்த உடுப்பும் காலுறையும் மாற்றிக்கொள்ளுங்கள். வியர்வையில் ஊறிய பருத்தி பனியன் இரவெல்லாம் உடல் சூட்டை உறிஞ்சும்.

அடுப்பும் தண்ணீரும்

எரிவாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக முடியாது. மணாலி, டேராடூன் போன்ற அடிவார ஊர்களில் வாங்கிக்கொள்ள வேண்டும். பியூட்டேன் மட்டும் உள்ள நீளக் குப்பி 0 டிகிரியை நெருங்கும்போது ஆவியாக மறுத்து அணைந்துவிடும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த குட்டைக் குப்பிதான் குளிருக்கு. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க 10 முதல் 15 கிராம் என்று கணக்கிடுங்கள்; காற்றிலும் குளிரிலும் இருமடங்கு ஆகும். காற்றுத் தடுப்பைக் குப்பியைச் சுற்றி முழுதாக மூடினால் குப்பி சூடேறி வெடிக்கும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. நெருப்பு ஒருபுறம், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு மறுபுறம்.

விறகு மூட்டும் அத்தியாயம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் தமிழ்நாட்டுக் காட்டில் அதற்கு இடமில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை யாராலும் முந்த முடியாது.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் காய்ந்த உணவு. உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறையும். 3,000 மீட்டரில் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு வேகாது. அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பொட்டுக்கடலைப் பொடி, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எல்லாம் நூல்கள் சொல்லும் விலையுயர்ந்த உலர் உணவுப் பொட்டலங்களுக்கு ஈடானவை. ரவையில் கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து வறுத்துப் பொட்டலமாக்கினால் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் உப்புமா.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதே நம்பகமானது. குமிழிகள் பொங்கிக் கொதித்தபின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். வட அமெரிக்க நூல்கள் பிளாஸ்டிக் இழை வடிகட்டி ஒன்றே போதும் என்பார்கள். அது பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. மஞ்சள் காமாலை பரப்பும் வைரஸ்கள் உள்ள நம் நாட்டில் வடிகட்டியபின் குளோரின் மாத்திரையும் போட்டு 30 நிமிடம் விட வேண்டும். வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் இழை வெடித்துவிடும், வெளியே தெரியாது. பனிமலையில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடை நீரை எடுக்கவே வேண்டாம். பூச்சிமருந்தைக் கொதிப்பும் நீக்காது, குளோரினும் நீக்காது.

அட்டை, உண்ணி, பாம்பு, இடி

மழைக்காலச் சோலையில் அட்டை ஏறாதிருக்க, நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை போடுங்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மெல்லிய வாய்ப்பக்கத்தில் நகத்தைச் செருகி நகர்த்தினால் விட்டுவிடும். நெருப்பு வைத்தாலோ உப்புக் கொட்டினாலோ அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கலாம். ரத்தம் நெடுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வந்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். சரியான மருந்து தொடங்கினால் எளிதில் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பாம்புக்கு ஆஸ்திரேலிய நூல்கள் சொல்லும் அழுத்தக் கட்டு அங்குள்ள பாம்புகளுக்கானது. விரியன் கடி மிகுந்த நம் நாட்டில் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் சென்று, முறிமருந்து உள்ள மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இருட்டியபின் விளக்கில்லாமல் ஓரடியும் வைக்காதிருப்பதும், ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவதும் பல கடிகளைத் தவிர்க்கும் பழக்கங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் வந்தால் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்தே மறுபடி ஏறலாம்.

எங்கே போவது

தமிழ்நாட்டுக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவோ தங்கவோ முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். பெரும்பாலும் பகல் நடைகள் என்பதால், கூடாரப் பயிற்சிக்கு ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு பகுதிகளில் தோட்டங்களுக்குள் உள்ள தனியார் முகாம்கள் உதவும். ஓர் இரவு, சாலையிலிருந்து அரைமணி தூரத்தில், தவறினால் வண்டியில் ஏறித் திரும்பக்கூடிய இடத்தில் தொடங்குங்கள்.

அதன்பின் இமயமலை. யூத் ஹாஸ்டல்ஸ் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மலைநடை முகாம்கள் செலவு குறைந்த நல்ல தொடக்கம். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் மணாலியிலும் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு. தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள். குதிகாலோடு விரல் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடு இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய சென்னைவாசிக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் இது எந்த உடற்பயிற்சியாலும் தவிராது. உத்தராகண்டில் ‘புக்யால்’ எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை அம்மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தடைசெய்தது; பழைய நூல் காட்டும் முகாமிடம் இன்று சட்டப்படி இல்லாமல் இருக்கலாம். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடுங்கள். மரங்களற்ற உயரத்தில் எதுவும் எளிதில் மக்காது. காகிதத்தையும் ஈரத்துடைப்பானையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

திரும்பி வந்த அன்றே

கூடாரத்தைச் சுருட்டிய நிலையில் ஒரு வாரம் விட்டால் நம் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து நீர்க்காப்புப் பூச்சு உரிந்துவிடும். சோப்பு இல்லாத நீரில் துடைத்து, வெயிலில் போடாமல் மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, தளர்வாக மடித்து வையுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அமுக்குப் பையிலிருந்து எடுத்து, பழைய தலையணை உறையிலோ வேட்டியிலோ தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வடிகட்டியைப் பின்னோக்கி நீர் செலுத்திக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். மிஞ்சிய எரிவாயுக் குப்பியை அடிவாரத்திலேயே நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள். எத்தனை கிராம் செலவானது, எது பைக்குள் தொடப்படாமலே திரும்பியது, கணக்கிட்ட நேரமும் நடந்த நேரமும் எவ்வளவு வேறுபட்டன என்பதை நோட்டில் அந்தந்த விதிக்கு நேரே எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கான எடைப் பட்டியல் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கும்.